செட்டிநாட்டு உருளைக்கிழங்கு: வறுவல், ரோஸ்ட், தெரக்கல், மண்டி – முழுமையான வழிகாட்டி

உருளைக்கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. வறுவல் சொதசொதவென்று ஆவது, குழம்பில் கிழங்கு கரைந்து காணாமல் போவது, மசியல் பசை மாதிரி இழுப்பது, வெளியே கருகி உள்ளே நறுக்கென்று கடிபடுவது என வீட்டில் நடக்கும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்தத் தண்ணீரைச் சரியாகக் கையாளாததால் வருபவை. நாமோ பழியை மசாலா மேல் போட்டு, அடுத்த தடவை இன்னும் ஒரு கரண்டி தூள் சேர்ப்போம். கோளாறு அப்படியே இருக்கும்.

செட்டிநாட்டுச் சமையலில் இட்லிக்குத் தெரக்கல் (தேங்காய் அரைத்துவிட்ட காய்க் குழம்பு), மதியச் சோற்றுக்கு வறுவல், இடியாப்பத்துக்கு வெள்ளைக் குருமா என்று ஒரே கிழங்கு மூன்று வேளையும் இலைக்கு வரும். வறுவலில் தண்ணீரை விரட்ட வேண்டும், தெரக்கலில் பாதியை விட்டுவைக்க வேண்டும், குருமாவில் கிழங்கு தன் வடிவம் கலையாமல் அதைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். எதை எப்போது சட்டியில் போடுவது என்ற வரிசை தெரிந்தால் போதும், இவை எல்லாமே சுலபமான சமையல்தான்.

கீழே உள்ள அளவுகள் நாலு பேருக்கு. தேக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி., கப் 240 மி.லி.

கிழங்கு வாங்கும்போது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் காய்கறிக் கடைகளில் ஊட்டிக் கிழங்கு, ஆக்ரா கிழங்கு என்ற இரண்டு பெயரும் அடிக்கடி காதில் விழும். ஊட்டிக் கிழங்கு மலையிலிருந்து மேட்டுப்பாளையம் மொத்தச் சந்தைக்கு இறங்கி, அங்கிருந்து ஊர் ஊராகப் போவது. தோலில் செம்மண் ஒட்டியிருக்கும், விலையும் கூட இருக்கும். ஆக்ரா கிழங்கு குளிர்காலத்தில் விளைந்து, தோண்டியபின் குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவது. குளிரில் கிடக்கும் கிழங்கில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். சில சமயம் வறுவல் தித்திப்பதும், உள்ளே வேகுமுன் வெளியே கருத்துப்போவதும் இதனால்தான். அப்படிப்பட்ட கிழங்கு வந்துவிட்டால் கூடையில் பத்து நாள் வெளியே வையுங்கள், இனிப்பு ஓரளவு இறங்கும். அவசரமென்றால் நறுக்கிய துண்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் போட்டு எடுங்கள். மேல்பரப்புச் சர்க்கரை கரைந்துபோகும்.

நீலகிரியில் உருளைக்கிழங்குப் பயிர் 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் வந்தது. இன்று நாம் வாங்கும் கிழங்கில் பல, சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகங்கள். குஃப்ரி ஜோதி (1968) வீட்டுச் சமையலுக்கு நெடுநாளாகப் பழகிய ரகம். குஃப்ரி சிப்சோனா (1998) பெயரிலேயே தெரிகிறபடி சிப்ஸுக்கு. ஆனால் சந்தையில் ரகம் சொல்லி யாரும் விற்பதில்லை. வீட்டுக்கு வந்தபின் நீங்களேதான் சோதிக்க வேண்டும்.

சோதனை இது: 11 பங்கு தண்ணீரில் 1 பங்கு உப்பைக் கரைத்து, அதில் கழுவிய கிழங்கைப் போடுங்கள். முழுகினால் மாவுப்பிடிப்புள்ள கிழங்கு. வெந்ததும் பொலபொலவென்று உதிரும், மசியலுக்கும் மொறுமொறு வறுவலுக்கும் உகந்தது. மிதந்தால் நீர்ப்பிடிப்புள்ளது. குழம்பிலும் குருமாவிலும் உடையாமல் நிற்கும். ஒரே மூட்டையில் இரண்டும் கலந்திருப்பதுண்டு. ஒரே சட்டியில் சில துண்டு குழைந்து சில துண்டு விறைப்பாக நிற்கிறதென்றால் காரணம் அதுதான்.

தோல் பச்சை பூத்த கிழங்கை வாங்காதீர்கள். வெளிச்சம் பட்ட கிழங்கில் சோலனைன் என்ற நச்சுப்பொருள் சேரும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. இலேசாகப் பச்சை இருந்தால் அந்த இடத்தையும் முளைக்கண்களையும் ஆழமாகச் சீவி எறிந்துவிடலாம். பச்சை நிறையப் பரவியிருந்தால், அல்லது சமைத்தபின் வாயில் வைத்ததும் கசந்தால், முழுசாகக் குப்பைக்கு.

நம் ஊர் வெயிலுக்குக் கிழங்கு சீக்கிரம் முளைவிடும். ஐந்து கிலோ மலிவாகக் கிடைத்தாலும் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது. பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் வியர்த்து அழுகும். மூங்கில் கூடையிலோ சாக்கிலோ போட்டு வெளிச்சம் படாத மூலையில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், மேலே சொன்ன கிடங்குக் கதைதான் அங்கேயும்.

வேகவைப்பது

முழுக் கிழங்கைக் கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது. வெளிப்பக்கம் குழைந்து தோல் வெடிக்கும், நடுவில் பச்சையாக இருக்கும். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை ஏற்றினால் வெளியும் உள்ளும் சேர்ந்தே சூடேறும். தோலோடு வேகவையுங்கள். உரித்தோ நறுக்கியோ வேகவைத்தால் கிழங்கு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும்.

குக்கரில் 500 கிராமுக்கு, அதாவது கைக்குள் அடங்கும் நடுத்தரக் கிழங்கு ஐந்துக்கு, 2 கப் தண்ணீரும் 1 தேக்கரண்டி உப்பும் போதும். நடுத்தீயில் 3 விசில், பிறகு சிறுதீயில் 4 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கி ஆவியை இறக்கினால் உள்ளிருக்கும் நீர் திடீரென்று ஆவியாகி, கிழங்கு பிளந்துவிடும். திறந்ததும் தண்ணீரை வடித்துத் தட்டில் பரப்புங்கள். வெந்நீரிலேயே ஊறவிட்ட கிழங்கில் என்ன செய்தாலும் மொறுமொறுப்பு வராது.

இதைவிடச் சிறந்த வழி இட்லிப் பானை. கிழங்கை இரண்டாக வெட்டி, இட்லித் தட்டில் வெட்டிய பக்கம் மேலாக வைத்து 20 முதல் 25 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். கிழங்கு தண்ணீரைத் தொடுவதே இல்லை. காலையில் இட்லி அவிக்கும்போதே மேல்தட்டில் நாலு கிழங்கு வைத்துவிட்டால் மதிய வேலை பாதி முடிந்தது.

வெந்ததா என்று பார்க்கக் கத்தி முனையைக் குத்தி, கிழங்கைத் தூக்கிப் பாருங்கள். கத்தியிலிருந்து தானாக நழுவி விழுந்தால் மசியலுக்கான பதம். கொஞ்சம் பிடித்துக்கொண்டு மெதுவாக வழுகினால் வறுவலுக்கான பதம்.

இனி புளி. புளி, தக்காளி, எலுமிச்சை, தயிர் எதுவானாலும், புளிப்புள்ள நீரில் கிழங்கு வேகாது. கிழங்கின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் அது மெத்தென்று ஆகும். புளிப்பு அந்தக் கரைசலைத் தடுக்கிறது. குழம்பைக் கூட்டிக் கரைத்து வைத்துவிட்டு, அதில் பச்சைக் கிழங்கைப் போட்டால் அரை மணி கொதித்தாலும் நடுவில் ஒரு விறைப்பு நிற்கும். முதலில் வெறும் தண்ணீரில் வெந்துவிட வேண்டும், புளி அதற்குப் பிறகு. போர் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாக இருந்தாலும் இதே தொல்லைதான், ஏனெனில் கால்சியமும் பெக்டினை இறுக்கும். உங்கள் வீட்டில் பருப்பும் கிழங்கும் எப்போதுமே தாமதமாக வேகுமானால் சமையலுக்குக் குடிதண்ணீரைப் பயன்படுத்திப் பாருங்கள்.

உருளை வறுவல், இருப்புச் சட்டியில்

சாம்பார் சாதத்துக்கும் ரசத்துக்கும் இதை மிஞ்சிய துணையில்லை. நான்ஸ்டிக்கிலும் வரும், ஆனால் அந்த அடிப்பக்க முறுகல் வராது. கனமான இரும்பு சூட்டைச் சேர்த்துவைத்திருப்பதால், ஈரத்தோடு கிழங்கு விழும்போதும் சட்டி குளிர்ந்துவிடுவதில்லை.

வேண்டியவை: உருளை 500 கிராம், கடலை எண்ணெய் 4 மேசைக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு 1 தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, தோலோடு தட்டிய பூண்டு 8 பல், நறுக்கிய சின்ன வெங்காயம் 10, கறிவேப்பிலை 2 இணுக்கு, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, சோம்புத்தூள் அரைத் தேக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, உப்பு.

1. தோல் சீவி 2 செ.மீ. துண்டுகளாக, எல்லாம் ஒரே அளவாக நறுக்குங்கள். நறுக்க நறுக்கத் தண்ணீரில் போடுங்கள். கறுக்காமல் இருப்பது ஒரு பயன். வெட்டுமுகத்து மாவு கழுவப்படுவதுதான் பெரிய பயன், சட்டியில் அடிப்பிடிப்பது அந்த மாவுதான். தண்ணீர் பால் மாதிரி கலங்கினால் மாற்றுங்கள். 10 நிமிடம் போதும்.

2. ஒரு லிட்டர் தண்ணீரில் 2 தேக்கரண்டி உப்பும் மஞ்சளும் போட்டு, துண்டுகளைச் சேர்த்து அடுப்பேற்றுங்கள். கொதி வந்தபின் 5 நிமிடம். விரலால் அழுத்தினால் விளிம்பு நசுங்க வேண்டும், நடு நசுங்கக் கூடாது. உப்பு இந்தக் கட்டத்திலேயே உள்ளே இறங்கினால்தான் கடைசிவரை ஒவ்வொரு துண்டிலும் ருசி இருக்கும்.

3. வடிதட்டில் கொட்டி, ஆவி பறக்க 10 நிமிடம் பரப்பிவையுங்கள். மின்விசிறிக்கு அடியில் வைத்தால் இன்னும் நல்லது. மேலே வெள்ளை பூத்த மாதிரி உலர்ந்து தெரிய வேண்டும். பலரும் தாண்டிப்போகிற படி இது, வறுவல் பாழாவதும் இங்கேதான். ஈரமான துண்டு சட்டியில் விழுந்தால் முதல் பத்து நிமிடமும் அது வறுபடாது, ஆவியில் வெந்து குழையும்.

4. சட்டியைப் புகை கிளம்பும் வரை காயவிட்டு, அதன்பின் எண்ணெய். எண்ணெய் அலையடிக்கும்போது துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். நடுத்தீ. இனி 4 நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள். முதலில் சடசடவென்று மழை மாதிரி சத்தம் வரும், அது தண்ணீர் வெளியேறும் சத்தம். சத்தம் தணிந்து மெல்லிய சீறலாக மாறும்போது அடிப்பக்கம் பொன்னிறமாகி, துண்டு தானாகச் சட்டியை விட்டுவிடும். அதற்குமுன் கிண்டினால் முறுகிய தோல் சட்டியிலும் வெள்ளைக் கிழங்கு கரண்டியிலுமாகப் பிரிந்துபோகும்.

5. தட்டையான தோசைக்கரண்டியால் அடியிலிருந்து வழித்துத் திருப்புங்கள். இப்படி மூன்று நாலு தடவை, மொத்தம் 12 முதல் 15 நிமிடம். மூடி போடக் கூடாது. மூடியில் சேரும் ஆவித்தண்ணீர் சட்டிக்கே திரும்பி விழும்.

6. கிழங்கை ஓரமாக ஒதுக்கி, நடுவில் கிடக்கும் எண்ணெயில் கடுகு, உளுந்து, சோம்பு, பூண்டு, வெங்காயம், கறிவேப்பிலை என்று தாளித்து, வெங்காயம் நிறம் மாறியதும் எல்லாவற்றையும் பிரட்டுங்கள். வெங்காயத்தை முதலிலேயே போட்டால் அதிலுள்ள சர்க்கரை, கிழங்கு முறுகுமுன் கருகிவிடும்.

7. மிளகாய்த்தூளையும் சோம்புத்தூளையும் 2 மேசைக்கரண்டி தண்ணீரில் குழைத்து, சிறுதீயில் ஊற்றிப் பிரட்டுங்கள். உலர்ந்த தூளைக் காய்ந்த எண்ணெயில் கொட்டினால் நொடியில் கருகி, நெடி தொண்டையைப் பிடிக்கும். 3 நிமிடத்தில் ஈரம் வற்றி, மசாலா கிழங்கில் படிந்துவிடும். மிளகுப்பொடி, தேவையானால் துளி உப்பு, இறக்கல்.

விருந்தாளி வந்தால் ஒரு கிலோவை ஒரே சட்டியில் திணிக்காதீர்கள். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தால் ஆவி வெளியேற இடமில்லை. இரண்டு ஈடாக வறுப்பதே நேர மிச்சம். விசேஷ வீட்டுச் சமையல் மாஸ்டர்கள் கிழங்கை எண்ணெயில் பொரித்தெடுத்துவிட்டுக் கடைசியில் மசாலாவில் புரட்டுவதும் இதனால்தான். நூறு பேருக்கு அதுதான் நடக்கிற காரியம்.

சின்ன உருளை ரோஸ்ட், வறுத்து அரைத்த மசாலாவோடு

மசாலாவை முதலில் தயார்செய்யுங்கள்: வரமிளகாய் 6, மல்லி ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, பட்டை ஒரு அங்குலம், கிராம்பு 2, அன்னாசிப்பூவில் இரண்டு இதழ், கல்பாசி நகத்தளவு, கசகசா 1 தேக்கரண்டி. வெறும் சட்டியில் சிறுதீயில், தனித்தனியாக. மல்லிக்கு மூன்று நிமிடம் ஆகும், கசகசாவுக்கு அரை நிமிடம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் மல்லி பச்சையாகவும் கசகசா கரியாகவும் வரும். ஆறியபின் பொடியுங்கள். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் வியர்த்துக் கட்டிதட்டும்.

கல்பாசியைப் பற்றி ஒரு வார்த்தை. பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன் (பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் உயிர்) அது. பச்சையாக முகர்ந்தால் உலர்ந்த மண் வாசனைதான். சூடான எண்ணெய் பட்டதும்தான் மணம் திறக்கும். செட்டிநாட்டு மணம் வேண்டுமென்று கை நிறையப் போடுபவர்கள் உண்டு. அரைக் கிலோவுக்கு நகத்தளவைத் தாண்டினால் கசப்புத்தான் மிஞ்சும்.

கோலியை விடச் சற்றுப் பெரிய கிழங்காக 500 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். குக்கரில் முக்கால் கப் தண்ணீர், 1 தேக்கரண்டி உப்பு, 2 விசில். உடையாமல் உருண்டையாக நிற்க வேண்டுமானால் அந்தத் தண்ணீரிலேயே 1 தேக்கரண்டி புளிக்கரைசல் விடுங்கள். புளியால் கிழங்கு வேகாது என்று முன்பு சொன்னோமே, அதே குணத்தை இங்கே நமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறோம். இவ்வளவு குறைந்த அளவில் உள்ளே வெந்துவிடும், மேல்பக்கம் மட்டும் இறுக்கமாக நிற்கும். ஆறியதும் தோலுரித்து, ஒவ்வொன்றிலும் ஈர்க்குச்சியால் நாலைந்து குத்து. குத்தாத கிழங்கில் மசாலா மேலே மட்டும் நிற்கும், கடித்தால் உள்ளே சப்பென்றிருக்கும்.

அரைத்த பொடியில் முக்கால் பங்கு, மஞ்சள் கால் தேக்கரண்டி, உப்பு, 1 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பிசறி அரை மணி ஊறவிடுங்கள். சட்டியில் 3 மேசைக்கரண்டி எண்ணெய், சோம்பு, பூண்டு, கறிவேப்பிலை தாளித்து, கிழங்கைப் போட்டுச் சிறுதீயில் 15 நிமிடம். கரண்டியால் கிண்டுவதைவிடச் சட்டியைக் காதோடு பிடித்துக் குலுக்கிவிடுவது நல்லது. மசாலா உதிர்ந்து அடியில் சேர்ந்தால் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள், அது மறுபடி கிழங்கிலேயே ஒட்டும். மீதிப் பொடியை இறக்கும்போது தூவுங்கள்.

கத்திரிக்காய் உருளைத் தெரக்கல்

திரக்கல் என்றும் சொல்வார்கள். இட்லி, தோசை, இடியாப்பம் எதற்கும் சேரும். அரைக்க வேண்டியவை: தேங்காய்த் துருவல் 6 மேசைக்கரண்டி, வரமிளகாய் 7, சோம்பு 1 தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, பொட்டுக்கடலை 1 மேசைக்கரண்டி. பொட்டுக்கடலைக்குப் பதில் கசகசாவோ முந்திரியோ வைக்கிற வீடுகளும் உண்டு. மிளகாயை வெந்நீரில் கால் மணி ஊறவைத்து முதலில் அரைத்தபின் தேங்காயைச் சேர்த்தால் விழுது வெண்ணெய் மாதிரி வரும்.

உருளை 200 கிராம், கத்திரிக்காய் 4, சின்ன வெங்காயம் 12, தக்காளி 2. நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி காய்ந்ததும் பட்டை, சோம்பு, ஒரு துணுக்குக் கல்பாசி, கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் ஒன்றரை செ.மீ. துண்டாக நறுக்கிய கிழங்கைப் போட்டு 2 நிமிடம் எண்ணெயில் பிரட்டி, 1 கப் தண்ணீரும் உப்பும் சேர்த்து மூடுங்கள். 7 நிமிடத்தில் கிழங்கு முக்கால் பதம் வெந்திருக்கும். அப்போது கத்திரிக்காய், 4 நிமிடம் கழித்துத் தக்காளி. பெரும்பாலான வீடுகளில் மூன்றையும் ஒன்றாகப் போட்டு வதக்குவார்கள். அப்படிச் செய்தால் தக்காளியின் புளிப்பு முந்திக்கொண்டு கிழங்கை இறுக்கிவிடும், அது வேகும்வரை காத்திருப்பதற்குள் கத்திரிக்காய் கூழாகிவிடும்.

தக்காளி குழைந்ததும் விழுது, 2 கப் தண்ணீர். நடுத்தீயில் 8 நிமிடம், ஓரத்தில் எண்ணெய் தலைகாட்டும்வரை. பாத்திரத்தில் சற்று நீர்க்க இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். பொட்டுக்கடலையும் கிழங்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பந்தி போடுவதற்குள் அளவான கெட்டிக்கு வந்துவிடும். அடுப்பிலேயே கெட்டியாக்கினால் இலையில் களி மாதிரி நிற்கும்.

மண்டி

அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைப்பது மண்டி. வெண்டைக்காய் மண்டிதான் பேர்பெற்றது. கூட உருளை, மொச்சை, பலாக்கொட்டை சேர்ப்பதுண்டு. அரிசியை முதலில் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தடவை களைந்ததில் 3 கப் பிடித்துவையுங்கள். ஒரு கப்பில் 200 கிராம் உருளைத் துண்டை உப்புப் போட்டு முழுசாக வேகவிடுங்கள். மீதி இரண்டு கப்பில் நெல்லிக்காய் அளவு புளியை ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள்.

3 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, கால் தேக்கரண்டி வெந்தயம், கீறிய பச்சைமிளகாய் 8, சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல் வதக்குங்கள். 150 கிராம் வெண்டைக்காயைச் சேர்த்து வழவழப்புப் போகும்வரை வதக்கி, புளிக்கரைசலை ஊற்றி 8 நிமிடம் கொதித்தபின் வெந்த கிழங்கை அதன் தண்ணீரோடு சேருங்கள். இன்னும் 5 நிமிடம். பருப்பும் தேங்காயும் இல்லாமலேயே கெட்டிப்படும், களைந்த தண்ணீரிலுள்ள அரிசிமாவு அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த வேளைக்குத்தான் இதன் ருசி கூடும்.

வெள்ளைக் குருமா

இதில் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் கிடையாது, காரம் முழுக்கப் பச்சைமிளகாயிலிருந்து. மிதக்கிற வகைக் கிழங்கு 300 கிராம். தேங்காய் 5 மேசைக்கரண்டி, வெந்நீரில் ஊறிய முந்திரி 6, கசகசா 1 தேக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி ஆகியவற்றை நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். பட்டை, கிராம்பு, ஏலம், பிரிஞ்சி இலை தாளித்து, வெங்காயம் 1, பச்சைமிளகாய் 5, இஞ்சி பூண்டு விழுது 1 தேக்கரண்டி நிறம் மாறாமல் வதக்கி, கிழங்கும் ஒன்றரைக் கப் தண்ணீரும் உப்பும். கிழங்கு வெந்தபின் விழுது. ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து 4 நிமிடம். தளபுளவென்று நெடுநேரம் கொதித்தால் தேங்காய் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, அடுப்பை அணைத்த பிறகு.

பூரிக்கும் தோசைக்கும் மசியல்

முழுகிய வகைக் கிழங்கு 400 கிராம், நழுவி விழும் பதத்தில் வெந்தது. சூடாக இருக்கும்போதே கையாலோ மத்தாலோ உடையுங்கள். பாதி மசிந்தும் பாதி கட்டியாகவும் இருக்கட்டும். மிக்ஸி வேண்டவே வேண்டாம். பிளேடு செல்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே விடும், கிழங்கு போஸ்டர் ஒட்டும் பசையாகும், அதற்கப்புறம் மீட்க வழியில்லை.

கடுகு, உளுந்து, சோம்பு, இஞ்சி, பச்சைமிளகாய் 4, நீளமாக அரிந்த பெரிய வெங்காயம் 2, மஞ்சள் தாளித்து, 1 கப் தண்ணீர் ஊற்றி, வெங்காயம் மெத்தென்று ஆனதும் கிழங்கைச் சேருங்கள். பூரிக்குத் தளர்வாக வேண்டுமானால் 1 தேக்கரண்டி கடலைமாவை அரைக் கப் தண்ணீரில் கரைத்து ஊற்றி 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். தோசைக்குள் வைக்க மாவும் வேண்டாம், தண்ணீரும் பாதி போதும். ஈர மசியல் தோசையை நமுக்கச் செய்யும்.

அவசரத்துக்கு

மைக்ரோவேவ் இருந்தால் நடுத்தரக் கிழங்கை முள்கரண்டியால் பத்து இடத்தில் குத்தி, ஒன்றுக்கு 4 முதல் 5 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. குத்தாவிட்டால் ஆவி சேர்ந்து வெடிக்கும். தண்ணீரே சேராததால் இந்தக் கிழங்கு வறுவலுக்கு அருமையாக வரும். இன்னொரு வழி, முந்தின நாளே வேகவைத்துத் தோலோடு ஃப்ரிட்ஜில் வைப்பது. ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்றது பச்சைக் கிழங்குக்கு. வெந்த கிழங்கு இரவு முழுக்கக் குளிர்ந்தால் மாவுச்சத்து இறுகி, மறுநாள் கத்தியால் சுத்தமாக நறுக்கவரும், சட்டியிலும் உடையாது.

பிறகும் ஏதாவது சரியில்லையென்றால்

வறுவல் நமுத்துவிட்டால் சட்டியைக் காயவைத்து, எண்ணெய் சேர்க்காமல் ஒரே அடுக்காகப் பரப்பி 5 நிமிடம் தொடாமல் விடுங்கள், பெரும்பாலும் மீண்டுவிடும். காரம் கூடிவிட்டால் தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி கடைசியில் போட்டுப் பிரட்டலாம்.

குழம்பில் உப்புக் கூடினால் ஒரு கிழங்கை வெட்டிப் போடு, உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு உப்பைத் தனியாகப் பிரித்தெடுப்பதில்லை. குழம்போடு சேர்த்துத்தான் உப்பையும் குடிக்கிறது, மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். கிழங்கோடு ஒரு கப் தண்ணீரும் ஊற்றுகிறோமே, கரிப்பைக் குறைப்பது அதுதான். அதனால் தண்ணீரையே ஊற்றி, கெட்டிக்குக் கொஞ்சம் தேங்காய் விழுது சேருங்கள்.

மிஞ்சியதை நம் ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். தேங்காய் சேர்ந்த தெரக்கலும் குருமாவும்தான் முதலில் நுரைக்கும். ஃப்ரிட்ஜில் வறுவல் இரண்டு நாள் தாங்கும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்து செல்களை உடைத்துவிடும். உருகும்போது பஞ்சை நனைத்த மாதிரி ஒரு கிழங்குதான் கையில் வரும்.